இடுப்புத் தளமும் மகப்பேறும்



இதயம், நுரையீரல், இரைப்பை ஆகியவற்றின் படங்களை வரைந்து நீங்கள் மதிப்பெண் பெற்றிருப்பீர்கள். ஆனால் இடுப்புத் தளத் தசைகள் என்ற பெயரை உங்களுள் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். நாணம் கருதி நாம் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தப் பேசாமையின் விலையைக் கொடுப்பவர்கள் தாய்மார்கள். ஆகவே இன்று அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

இடுப்பெலும்புகள் அடித்தட்டில்லாத ஒரு கிண்ணத்தைப் போல அமைந்துள்ளன. அதன் அடியில், முன்புற எலும்பிலிருந்து பின்னேயுள்ள வால் எலும்பு வரையில், தசைகள் ஒரு தூளியைப் போலக் கட்டப்பட்டிருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றை இத்தூளியே தாங்குகிறது. சிறுநீரையும் மலத்தையும் வேண்டும்போது அடக்கவும் விடவும் துணை செய்வதும் இதுவே. ஆண்களுக்கும் இத்தசைகள் உண்டு. ஆயினும் கருவுற்ற காலத்தில் பெண்ணின் உடலில் இதன் சுமை கூடுகிறது. வளரும் கருப்பை மேலிருந்து அழுத்துகிறது. உடலில் சுரக்கும் சில நீர்கள் தசைநார்களை நெகிழச் செய்கின்றன. குழந்தை பிறக்கும்போது இத்தசைகளின் உட்பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீள்வதாக, 2004-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணிப்பொறி கொண்டு கணக்கிட்டனர்.

இதன் விளைவாக, இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் தம்மையறியாமல் சிறுநீர் கசியும் துன்பம் பல பெண்களுக்கு வருகிறது. எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுத்தறியில் அமரும் பெண் ஒருத்தி, என் பழைய மாணவி, இரண்டாம் குழந்தை பிறந்த பிறகு வைகாசிக் கருட சேவைக்கு வருவதையே விட்டுவிட்டாள். கூட்டத்தில் நெடுநேரம் நிற்க அஞ்சினாள். “பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் உள்ளதுதானே ஐயா” என்று பின்னர் என் மனைவியின் முன்னிலையில் என்னிடம் சொன்னாள். பலருக்கும் உள்ளது என்பது உண்மை. பொறுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது உண்மையன்று.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த ஆர்னால்டு கீகல் என்னும் மகளிர் மருத்துவர் 1948-இல் இத்தசைகளுக்கான பயிற்சியை மருத்துவ இதழில் விளக்கி எழுதினார். நம் நாட்டு யோகநூல்கள் கூறும் மூலபந்தமும் ஏறக்குறைய இவ்விடத்துத் தசைகளைச் சுருக்குவதே. ஆனால் அதன் நோக்கம் வேறு.

பயிற்சி எளியது. குடற்காற்று வெளிப்படாமல் அடக்குவதுபோல அத்தசைகளை உள்ளும் மேலுமாக இழுக்கவேண்டும். வயிறு, தொடை, பிட்டம் இவை இறுகலாகாது, மூச்சையும் அடக்கலாகாது. ஆறு முதல் எட்டு வினாடி இழுத்துப் பிடித்து, அவ்வளவு நேரமே முற்றிலும் தளர்த்தவேண்டும். இவ்வாறு எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்வது ஒரு சுற்று. நாளொன்றுக்கு மூன்று சுற்று போதும். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது நல்லதன்று. மருத்துவரையோ செவிலியரையோ கேட்டுத் தொடங்குவதே முறை. வலியோ உதிரப்போக்கோ கண்டால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இதனால் பயன் உண்டா? 2020-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 21 நாடுகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 46 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தது. கசிவு இல்லாத பெண்கள் கருவுற்ற தொடக்கத்திலேயே பயிற்சி செய்தால், பேறுகாலம் நெருங்கும்போது கசிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 62 பங்கு குறைகிறது. குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையில் அது 29 பங்கு குறைவு.

இங்கே ஓர் ஐயம் எழும். தசை வலுத்துவிட்டால் அது குழந்தையின் வழியை மறிக்காதா? இதற்கு எங்கள் ஊர்த் தறியே விடை சொல்லும். நெய்யும்போது பாவு விறைப்பாக நிற்கவேண்டும். தொய்ந்தால் நெசவு கெடும். நெய்த துணியைச் சுருட்டும்போதோ அதே பாவைத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்தாது இழுத்தால் இழை அறும். பாவின் வலிமையும் நெசவாளியின் கட்டுப்பாடும் ஒன்றுக்கொன்று துணை. அதுபோலவே, நன்கு பழகிய தசையை ஒரு பெண் தன் விருப்பப்படி தளர்த்தவும் இயலும். ஆகவேதான் பயிற்சியில் இழுப்பதற்கு உள்ள சிறப்புத் தளர்த்துவதற்கும் உண்டு.

நார்வே நாட்டின் ட்ரான்ட்ஹைம் நகரில் முதன்முறை கருவுற்ற 301 பெண்களிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. இருபதாம் வாரம் முதல் முப்பத்தாறாம் வாரம் வரை பயிற்சி பெற்றோருள், குழந்தையை முக்கி வெளியேற்றும் கட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டவர்கள் குறைவாகவே இருந்தனர். பயிற்சி பேற்றைத் தடுக்கவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. ஆயினும் இதைக் கொண்டு சுகப்பேறு உறுதி என்று எவரும் கூறலாகாது. குழந்தையின் பருமன், அது கிடக்கும் நிலை, கருப்பையின் சுருக்கம் ஆகிய பலவும் சேர்ந்தே பேற்றின் போக்கை அமைக்கின்றன. தேர்ந்த மருத்துவக் கவனிப்புக்குப் பயிற்சி ஒருபோதும் ஈடாகாது.

மாணவர்களே, இது பெண்களின் செய்தி என்று நீங்கள் ஒதுங்கிவிடலாகாது. உங்கள் வீட்டிலும் அக்காளோ அண்ணியோ கருவுற்றிருக்கலாம். மாணவிகளே, நீங்கள் அவர்கள் அருகிலமர்ந்து இதை விளக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்கள் சோதனைக்குச் செல்லும்போது செவிலியரிடம் இதைத் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். பயிற்சிக்குக் கருவி வேண்டா, காசு வேண்டா, தறியில் அமர்ந்தபடியே செய்யலாம். வேண்டுவது அறிவும், அதைப் பேசும் துணிவுமே.