வடியும் அரிக்கன் சட்டியும்



உலை கொதிக்குமுன் அரிக்கன் சட்டியில் அரிசியைப் போட்டுத் தண்ணீரில் மெல்ல ஆட்டுகிறீர்கள். அரிசி நீரோடு மறு பாத்திரத்துக்குப் போய்விடுகிறது. கல்லும் மணலும் அடியில் தங்கிவிடுகின்றன. தேநீரை வடியில் ஊற்றுகிறீர்கள்; சாயம் இறங்குகிறது, தூள் மேலே நிற்கிறது. இந்த இரண்டு வேலைகளையும் தெரிந்தவருக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் முதற்பாடம் ஏற்கனவே தெரியும்.

இதை நான் படித்த விதம் வேறு. சில வருடங்களுக்கு முன் நான் ஓதிக்கொடுத்த மத்ரஸாவில் விடுதியின் கழிவுநீர் பம்பு நின்றுவிட்டது. குழி நிரம்பி, அழுக்கு நீர் கிணற்றடிப் பக்கமாக ஊறத் தொடங்கியது. வேலைக்கு வந்த பையனிடம், "இறங்கிப் பாருங்க தம்பி" என்றேன். கூட வந்த வயதான மேசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மௌலவி, இதுக்குள்ள இறங்கினவன் ஏறி வரமாட்டான்" என்றார்.

அவர் சொன்னது மெய். மலக்குழியில் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு தேங்கும். முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு அந்த வாடையை உணரும் சக்தியையே இழந்துவிடும். ஆபத்து நீங்கிவிட்டதென்று மனிதன் எண்ணும்போதே மயங்கி விழுவான். அறியாமையால் ஓர் உயிருக்குப் பொறுப்பாளியாக இருந்தேன். அல்ஹம்துலில்லாஹ், அது நடக்கவில்லை.

பிறகு நீண்ட கொளுக்கியால் வெளியே எடுத்தவை: தலைமுடிச் சுருள், கந்தைத் துணி, தும்பு, மாதவிடாய்த் துணி. அடியில் வாளி வாளியாக மணல்.

கம்பித் தடுப்பு

பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீர் நுழையும் வாயிலிலேயே கம்பிகளைச் சாய்வாக நிறுத்தியிருப்பார்கள். முதல் வரிசையில் கம்பிகளுக்கிடையே 25 முதல் 50 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். நீளமான துணியும் முடியும் அதனூடே நழுவிவிடும் என்பதால், அடுத்ததாக 6 மில்லிமீற்றர் அளவிலான நுண்தடுப்பு வைப்பதே இக்கால வழக்கம். சிக்கியதை அடிக்கடி வாரி எடுக்க வேண்டும். வாராவிட்டால் நீர் பின்னால் பொங்கும், தடுப்பே அடைப்பாகிவிடும்.

மணல் பிடிக்கும் வாய்க்கால்

அடுத்தது அரிக்கன் சட்டியின் வேலை. நீரைச் செக்கனுக்குச் சுமார் 30 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடவிடுவார்கள். அதைவிட வேகமாக ஓடினால் மணலும் அடித்துச் செல்லப்படும். மிக மெதுவாக ஓடினால் சோற்றுப் பருக்கையும் மலமும் மணலோடு படிந்து நாறும். 0.2 மில்லிமீற்றர் அளவான மணல் செக்கனுக்குச் சுமார் 2 சென்ரிமீற்றர் கீழே இறங்கும். நீர் 30 சென்ரிமீற்றர் ஆழமென்றால் அடியைத் தொட 15 செக்கன் போதும். அதற்குள் நீர் நாலரை மீற்றர் ஓடிவிடும். ஆகவே வாய்க்கால் அதைவிடச் சற்று நீளமாயிருக்க வேண்டும். இரண்டு வாய்க்கால்கள் கட்டினால், ஒன்றைத் துப்புரவு செய்யும்போது மற்றது வேலை செய்யும்.

மணலை இங்கே பிடிக்காவிட்டால் அது பம்பின் சுழலியைத் தேய்க்கும்; உள்ளே தொட்டிகளை நிரப்பி, அவற்றின் கொள்ளளவைக் குறைக்கும்.

நமது ஊர் நிலை

கொழும்பில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் பதித்துவிட்டார்கள். நம் பகுதியிலோ வீட்டுக்கு வீடு குழிதான். காத்தான்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. இடையே உள்ள சிறு நிலத்தில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். மண்ணோ மணல், தண்ணீரோ சில அடி ஆழத்தில். குழி பொங்கினால் அது பக்கத்துக் கிணற்றுக்கும், கடைசியில் நாம் மீன் பிடிக்கும் வாவிக்கும் போகிறது. நீர்த்துறையை அசுத்தப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்று மேடையில் சொல்கிறோம். வீட்டின் பின்புறத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

முதல் தடுப்பு உங்கள் கையில்

குசினிக் கான் வாயில் சிறு வலைத்தட்டு வையுங்கள். சோறு, மீன் செதிள், தேங்காய்ப்பூச் சக்கையை அதில் பிடித்துக் குப்பையில் போடுங்கள். முற்றத்து மணற்காலை வெளியிலேயே கழுவுங்கள். குளியலறை நீர் போகும் வழியில் மூடியுள்ள சிறு மணற்தொட்டி ஒன்று கட்டுவியுங்கள், மாதமொருமுறை வாருங்கள். சீப்பில் வரும் முடி, பம்பர்ஸ், மாதவிடாய்த் துணி, இவற்றில் ஒன்றையும் மலசலகூடத்தில் போடாதீர்கள். வெட்கத்தால் பெண்பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள். மூடியுள்ள கூடையொன்று வைத்து உம்மாமார்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். குழி நிரம்பினால் பவுசரை அழையுங்கள். எவரையும் உள்ளே இறக்காதீர்கள்.

எங்கள் மத்ரஸாவில் அந்த மேசன் கம்பித் தடுப்பொன்றும் மணற்தொட்டியொன்றும் கட்டித்தந்தார். வாரத்துக்கொரு தடவை அதை வாரி எடுக்க முறை வைத்தோம். முறைப் பட்டியலில் முதற்பெயர் என்னுடையது. அன்று அந்தத் தம்பியை இறங்கச் சொன்னவன் நான்தானே!