12,000 கட்டங்களில் ஒரு நகரம்

ஒரு ஃப்ளாப்பி தட்டில் 1.44 மெகாபைட் தகவல்தான் பிடிக்கும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பெரும்பாலும் அதற்குள் அடங்காது. 1990களின் தொடக்கத்தில் கணினி விளையாட்டுகள் அப்படிப்பட்ட சில தட்டுகளில்தான் கடைக்கு வந்தன. அவை ஓடிய 386, 486 கணினிகளில் நினைவகம் நான்கோ எட்டோ மெகாபைட்தான் இருக்கும். அந்தச் சிறு இடத்துக்குள் ஒரு நகரம் வளர்ந்தது, ஒரு நாகரிகம் ஆறாயிரம் ஆண்டு வாழ்ந்தது.

இவ்வளவும் எப்படி அடங்கின? அந்த விளையாட்டுகளைச் செய்தவர்கள் உலகத்தைச் சேமித்து வைக்கவில்லை. உலகம் எப்படி நடக்கும் என்ற விதிகளைச் சேமித்து வைத்தார்கள். விதிகளுக்கு இடம் அதிகம் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு விதிக்குள்ளும் அதை எழுதியவரின் உலகப் பார்வையும் சேர்ந்தே ஒளிந்திருக்கும். மூடியைத் திறந்து பார்த்தால் அது தெரியும்.

நகரத்தின் நிலப் பதிவேடு

நகரம் கட்டும் விளையாட்டுகளைப் பிரபலமாக்கியது சிம்சிட்டி. 1989-இல் வந்தது. இதைச் செய்த அமெரிக்கர் வில் ரைட், 1984-இல் ஹெலிகாப்டரில் பறந்து குண்டு வீசும் ஒரு விளையாட்டை உருவாக்கியிருந்தார். குண்டு வீசுவதற்கான தீவுகளை வரைய ஒரு கருவியையும் செய்துகொண்டார். தீவுகளை அழிப்பதைவிட அவற்றில் சாலையும் ஆலையும் போடுவதுதான் சுவையாக இருக்கிறது என்று அப்போது அவருக்குத் தோன்றியது. நகரங்களின் வளர்ச்சியையும் தேய்வையும் கணக்குகளாக எழுதிக் காட்டிய எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரின் 1969-ஆம் ஆண்டு நூல் அந்த எண்ணத்துக்கு உரம் போட்டது. வெற்றி, தோல்வி என்ற முடிவே இல்லாத விளையாட்டை வெளியிடப் பதிப்பாளர் தயங்கியதால், ரைட்டும் ஜெஃப் பிரவுனும் 1987-இல் மாக்சிஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

சிம்சிட்டியின் மூலநிரல் இன்று எவரும் படிக்கக் கிடைக்கிறது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு மலிவு விலை மடிக்கணினி கொடுக்கும் திட்டத்துக்காக 2008-இல் அது 'மைக்ரோபோலிஸ்' என்ற பெயரில் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. விளையாட்டுக்கு ரைட் முதலில் வைத்திருந்த பெயரும் அதுவே.

திறந்தவுடன் கண்ணில் படுவது கட்டம்போட்ட கணக்கு நோட்டுத் தாளைப் போன்ற ஒரு வரைபடம். குறுக்கே 120 கட்டம், நெடுக்கே 100 கட்டம், மொத்தம் 12,000. ஒவ்வொரு கட்டத்துக்கும் 16 பிட்கள், அதாவது இரண்டே பைட். அவற்றில் 10 பிட்கள் அந்தக் கட்டத்தில் எந்தப் படம் தெரிய வேண்டும் என்ற எண்ணைச் சொல்கின்றன. மீதி ஆறும் ஆறு 'ஆம் - இல்லை' கேள்விகளுக்கான விடைகள்: இங்கே மின்சாரம் வந்திருக்கிறதா? இது மின்சாரத்தைக் கடத்துமா? தீப்பிடிக்குமா? புல்டோசரால் இடிக்கலாமா? படம் அசைகிறதா? இது ஒரு மனையின் நடுக்கட்டமா? நகரத்தின் நிலப் பதிவேடு அவ்வளவுதான். பெருக்கிப் பார்த்தால் 24,000 பைட்.

மக்கள்தொகை எங்கே? அதற்கென்று தனிப் பட்டியல் இல்லை. ஒரு குடியிருப்பு மனையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அறிய நிரல் அந்த மனையின் படத்தின் எண்ணைத்தான் பார்க்கிறது. உயர்ந்த கட்டடத்தின் படம் என்றால் அதிகம் பேர், தாழ்ந்த வீட்டின் படம் என்றால் குறைவு. எல்லாவற்றையும் கூட்டி, நகரம் பெரிதாகத் தெரியும்படி 20-ஆல் பெருக்கித் திரையில் காட்டிவிடுகிறது.

ஊர் சுற்றும் விதம்

12,000 கட்டங்களையும் ஒரே மூச்சில் சரிபார்க்க அன்றைய கணினியால் முடியாது. திரை திக்கித் திக்கி நிற்கும். எனவே வேலை 16 படிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் எட்டுப் படிகள் வரைபடத்தின் எட்டில் ஒரு பங்கை ஆளுக்கொன்றாகப் பார்க்கின்றன. மற்ற படிகள் வரி, மாசு, குற்றம், மின்சாரம் என ஒவ்வொன்றைக் கவனிக்கின்றன. 16 படிகளும் முடிந்தால் ஒரு சுற்று. 48 சுற்றுகள் முடிந்தால் விளையாட்டில் ஓர் ஆண்டு. மாசுக்கும் குற்றத்துக்கும் நிலமதிப்புக்கும் நான்கு கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து 60-க்கு 50 என்ற சிறிய வரைபடம் போதும் என்று அங்கேயும் இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

போக்குவரத்துக் கணக்கு இன்னும் சாமர்த்தியமானது. திரையில் சாலை முழுக்க வண்டிகள் ஊர்வதாகத் தெரியும். உண்மையில் எந்த வண்டியும் எங்கும் போவதில்லை. ஒரு வீட்டு மனையை ஆராயும்போது, நிரல் அதன் ஓரத்தில் சாலை இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் அதில் ஏறி, குத்துமதிப்பாக ஒரு திசையில் கட்டம் கட்டமாக நடக்கிறது. முப்பது கட்டத்துக்குள் ஒரு கடைப்பகுதி தட்டுப்பட்டால் பயணம் வெற்றி. நடந்து வந்த வழியில் நெரிசல் எண்ணைக் கூட்டிவிடுகிறது. தட்டுப்படவில்லை என்றால் பயணம் தோல்வி, அந்த மனையின் வளர்ச்சி தடைபடும். நெரிசல் எண் கூடிய சாலையில் வண்டிகள் ஊரும் படத்தை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

இந்த விதியில் ஓர் ஓட்டை உண்டு. தண்டவாளத்தின் மீதும் பயணம் செல்லலாம். ஆனால் நெரிசல் எண் சாலையில் மட்டுமே கூடும். விவரம் தெரிந்த ஆட்டக்காரர்கள் சாலையே போடாமல் ஊர் முழுக்கத் தண்டவாளம் பதித்தார்கள். கட்டத்துக்கு 10 டாலருக்குப் பதிலாக 20 டாலர் செலவாகும். நெரிசல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து நிலமதிப்பு. நகர மையத்துக்கு அருகில் இருந்தால் மதிப்பு கூடும்; மாசும் குற்றமும் மிகுந்தால் குறையும். குற்றம் எதனால் கூடுகிறது? நிலமதிப்பு குறைந்தால் கூடும், மக்கள் நெருக்கம் மிகுந்தால் கூடும், காவல் நிலையம் அருகில் இருந்தால் குறையும். ஒன்று மற்றொன்றை இழுக்க, ஒரு பேட்டை சரியத் தொடங்கினால் சரிந்துகொண்டே போகும். பார்ப்பதற்கு அசல் நகரம் போலவே இருக்கும்.

ஆனால் அந்தக் கணக்கை மறுபடி படியுங்கள். மலிவான நிலத்தில் குற்றம் தானாகவே விளையும், அதற்கு மருந்து காவல் நிலையம் என்று அது சொல்கிறது. பள்ளிக்கூடம், வேலை, கூலி எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. இது இயற்கை விதி அல்ல, ஒரு கருத்து. ஃபாரஸ்டரின் நூலுக்கும் இதே போன்ற எதிர்ப்பு எழுந்தது. சிம்சிட்டி ஆடிய கோடிக்கணக்கான விரல்கள் அந்தக் கருத்தைப் பாடமாகவே பயின்றன; அதைப் பாடம் என்று யாரும் அறிவிக்கவில்லை.

ஈட்டிக்காரனும் போர்க்கப்பலும்

வியூக விளையாட்டுகளில் அந்தக் காலத்தின் தலைமகன், சித் மெயரும் புரூஸ் ஷெல்லியும் 1991-இல் உருவாக்கிய சிவிலைசேஷன். கி.மு. 4000-இல் ஓர் ஊரை நிறுவித் தொடங்கி விண்கலம் விடும் காலம் வரை வரும் ஆட்டம். அதில் ஒவ்வொரு படைக்கும் தாக்கும் வலிமைக்கு ஓர் எண், காக்கும் வலிமைக்கு ஓர் எண். இருவர் மோதினால் அந்த எண்களின் விகிதப்படி ஒரே ஒரு குலுக்கல், தோற்றவர் காலி. இதனால் கோட்டைக்குள் நின்ற பழங்கால ஈட்டிப்படை எப்போதாவது ஒரு போர்க்கப்பலையே மூழ்கடித்துவிடும். இந்த வேடிக்கை பெரும் புகார் ஆனதால், 1996-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரே குலுக்கலை விட்டுவிட்டு, படைகள் படிப்படியாகத் தேயும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

இந்த ஆட்டத்தில் இந்தியாவின் தலைவர் காந்தி. அவர் அணுகுண்டு வீசுவார் என்பது உலகம் முழுக்கப் பரவிய கதை. காந்தியின் மூர்க்க எண் 1. மக்களாட்சி வந்தால் அதில் 2 கழியும். எட்டு பிட் எண்ணில் சுழியத்துக்குக் கீழே இறங்க முடியாததால் அது சுற்றிக்கொண்டு 255 ஆகிவிடும் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். எட்டு பிட் எண்கள் அப்படிச் சுற்றிக்கொள்வது உண்டுதான். ஆனால் இந்த ஆட்டத்தில் அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று சித் மெயர் 2020-இல் வெளியான தன் நினைவு நூலில் மறுத்துவிட்டார். 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான் காந்திக்கு அணுகுண்டு மோகத்தை வேண்டுமென்றே வைத்தார்கள். காந்தியின் வாயில் மிரட்டல் வசனத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கவில்லை. கதை வளர அது போதும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு மனம்

சிம்சிட்டியில் மனிதர்களே இல்லை என்றால், 1999-இல் வந்த ரோலர்கோஸ்டர் டைக்கூனில் பூங்காவுக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரேடு உண்டு. பசி, தாகம், குமட்டல், களைப்பு, கையிருப்புப் பணம், மகிழ்ச்சி எல்லாம் தனித்தனியே கணக்கிடப்படும். மழை வந்தால் குடையை விலை ஏற்றி விற்றாலும் வாங்குவார்கள். அளவுக்கு மீறிய வேகமுள்ள ராட்டினத்தின் வாசலில் நின்று, 'இது எனக்கு ஒத்துவராது' என்று திரும்பிப் போவார்கள். நீங்கள் கட்டும் ரயில் ஒவ்வொரு வளைவிலும் பயணியை எவ்வளவு விசையில் பக்கவாட்டில் தள்ளுகிறது என்பதையும் நிரல் கணக்கிட்டு மதிப்பெண் போடும்.

இத்தனையும் அன்றைய சாதாரணக் கணினியில் தடையின்றி ஓடியது. காரணம், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சாயர் அதை ஏறக்குறைய தனியாளாக அசெம்பிளி மொழியில் எழுதினார். மனிதர் எழுத வசதியான மொழிகளில் எழுதியதை ஒரு மென்பொருள் இயந்திரத்துக்குப் பெயர்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். அசெம்பிளியில் இடைத்தரகர் கிடையாது. இந்த எண்ணை இங்கே எடு, அதோடு இதைக் கூட்டு, அங்கே வை என்று செயலிக்கு நேராக உத்தரவிட வேண்டும். எழுத நாளாகும், பிழை பிடிப்பது கடினம், வேகமோ அபாரம். அவருடைய முந்தைய ஆட்டமான டிரான்ஸ்போர்ட் டைக்கூன் 1994-இல் வந்தது. அதையும் இவ்வாறே எழுதினார். கிராபிக்ஸும் இசையும் மட்டும் வேறு கைகளில்.

கதையைத் தனியே வைத்தவர்கள்

சாகச விளையாட்டுகளின் பாதை வேறு. அங்கே கணக்கு குறைவு, கதை அதிகம். லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் ரான் கில்பர்ட் 1987-இல் ஓர் ஆட்டத்துக்காக 'ஸ்கம்' என்ற கதை எழுதும் முறையை உருவாக்கினார். கதாபாத்திரம் எங்கே நடக்க வேண்டும், எதைத் தொட்டால் என்ன பேச வேண்டும் என்பதெல்லாம் தனிக் கோப்பு. அதைப் படித்து நடத்தும் நிரல் தனி. 1990-இல் வந்த மங்கி ஐலண்டும் இந்த முறையில் உருவானதே. பிற சாகச ஆட்டங்கள் பலவற்றில் தவறான அடி வைத்தால் சாவுதான். இதில் எதைத் தொட்டும் பார்க்கலாம். நாயகனால் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும் என்பதால், தண்ணீருக்கடியில் பத்து நிமிடம் சும்மா விட்டால் மட்டும் செத்துப்போவான்.

கதையையும் இயந்திரத்தையும் பிரித்ததன் பலன் பின்னாளில் தெரிந்தது. பழைய கணினிகள் போய்விட்டன. கதைக் கோப்புகள் இருந்தன. 2001-இல் சுவீடனைச் சேர்ந்த லுத்விக் ஸ்ட்ரிகியஸ் உள்ளிட்ட ஆர்வலர்கள் 'ஸ்கம்விஎம்' என்ற புது நிரலைத் தொடங்கினார்கள். பழைய கதைக் கோப்பை அதனிடம் கொடுத்தால் இன்றைய கைப்பேசியிலும் ஆட்டம் ஓடும். சாயரின் டிரான்ஸ்போர்ட் டைக்கூனில் அந்தப் பிரிவு இல்லை. எல்லாம் அசெம்பிளியில் பிணைந்து கிடந்தது. அதே ஸ்ட்ரிகியஸ் அதைப் பிரித்துப் படித்து, வேறு மொழியில் மறுபடி எழுதி, 2004-இல் 'ஓப்பன்டிடிடி' என்று வெளியிட்டார். ஒரே மனிதர் இரண்டு ஆட்டங்களைக் காப்பாற்றினார். முதலாவதற்குக் கோப்பைப் படிக்கத் தெரிந்தால் போதும், இரண்டாவதற்கு ஒவ்வொரு கட்டளையையும் அவிழ்க்க வேண்டியிருந்தது.

மைக்ரோபோலிஸும் ஓப்பன்டிடிடியும் இலவசம். மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் கணினியைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலும் இலவசம். டாஸுக்கு எழுதப்பட்ட பழைய ஆட்டங்களுக்கு அது போதும். வீட்டில் விளையாட்டு மோகமுள்ள பிள்ளை இருந்தால் மைக்ரோபோலிஸை நிறுவிக் கொடுங்கள். ஒரு வாரம் ஆடட்டும். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நகரத்தில் குற்றம் ஏன் கூடுகிறது? விடையைத் தேடிப் போகிற பிள்ளை நிரலைப் படிக்கும். அதோடு, விதி எழுதியவரின் மனதையும் படிக்கப் பழகும். கடன் கொடுப்பதா, வேலை கொடுப்பதா என்பதைக்கூட நிரல்களிடம் விட்டுவிட்ட இந்தக் காலத்தில் அந்தப் பழக்கம் மிகவும் தேவை.