பன்னிரண்டு வோல்ட் இருந்தும் மோட்டார் ஏன் அசையவில்லை?

மாமல்லபுரம் கடற்கரையில் விடியற்காலையில் நின்றிருக்கிறீர்களா? மீன்பிடிக்கச் சென்ற பைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை திரும்பும். இப்பகுதி மீனவர் கிராமங்கள் பெரும்பாலானவற்றில் துறைமுகம் கிடையாது; படகு அலையோடு வந்து மணலில்தான் ஏற வேண்டும். கரை நெருங்கியதும், பின்னால் நிற்பவர் எஞ்சினின் நீண்ட தண்டை அழுத்தி, விசிறியை நீருக்கு மேலே தூக்கிவிடுவார். சற்றுத் தாமதித்தாலும் விசிறி மணலில் குத்தும். படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழவும் கூடும்.

ஆக, எஞ்சினைத் தூக்குவது என்பது வசதிக்காக ஏற்பட்டதன்று, பாதுகாப்புக்காக ஏற்பட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும் இதையே கருத்திற் கொண்டது. கரையேறும் படகுகளுக்காக, விசிறியுடன் சாய்த்துத் தூக்கக்கூடிய டீசல் எஞ்சின் அமைப்பு ஒன்றை அத்திட்டத்தினர் உருவாக்கினர். அதற்கு ‘பாப் டிரைவ்’ என்று பெயர்.

சிறிய எஞ்சினைக் கையால் தூக்கலாம். ஆனால் நூறு குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு எஞ்சின் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதைத் தூக்க மின்சாரத்தின் உதவி வேண்டும். அந்த ஏற்பாட்டிற்கே ‘பவர் டிரிம்’ என்று பெயர்.

பொத்தானுக்குப் பின்னால்

விசை நெம்புகோலில் கட்டை விரலுக்கு எட்டும்படி ஒரு பொத்தான் இருக்கும். அதன் மேற்பக்கத்தை அழுத்தினால் எஞ்சின் உயரும். கீழ்ப்பக்கத்தை அழுத்தினால் தாழும். உள்ளே நடப்பது என்ன? 12 வோல்ட் பேட்டரி ஒரு சிறு மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் ஓர் எண்ணெய்ப் பம்பை இயக்குகிறது. எண்ணெயின் அழுத்தம் உருளையிலுள்ள தண்டைத் தள்ளி எஞ்சினைச் சாய்க்கிறது. மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் எண்ணெயும் எதிர்ப்பக்கம் பாயும், எஞ்சின் இறங்கும்.

மோட்டாருக்குப் பல பத்து ஆம்பியர் மின்னோட்டம் தேவை. அவ்வளவையும் சின்னஞ்சிறு பொத்தான் தாங்காது. ஆகவே இடையில் இரண்டு ரிலேக்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று ஏற்றுவதற்கு, மற்றொன்று இறக்குவதற்கு. பொத்தான் வழியே செல்லும் சிறு மின்னோட்டம் ரிலேயின் சுருளைக் காந்தமாக்குகிறது. காந்தம் தொடுமுனைகளை இழுத்துச் சேர்க்கிறது. அம்முனைகள் வழியே பெரிய மின்னோட்டம் மோட்டாருக்குப் பாய்கிறது. ‘டிக்’ என்று நாம் கேட்பது முனைகள் சேரும் ஓசையே.

ஒரு மாணவரின் புதிர்

சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவர் கையில் மல்டிமீட்டருடன் வந்தார். அவருடைய மாமா கடற்கரையோரம் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்ற ஓசை வருகிறது; எஞ்சின் மட்டும் உயரவில்லை.

“பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது, சார். மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தி, அந்த ஒயர் முனையில் பார்த்தேன். அங்கேயும் 12.6 இருக்கிறது. அப்படியென்றால் மோட்டார்தானே போய்விட்டது? புது மோட்டாருக்காக மாமா அத்தையின் வளையலை அடகு வைக்கப் போகிறார்.”

நீங்களே சொல்லுங்கள், அவர் முடிவு சரியா?

தோட்டத்திற்கு நீர்விடும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கிறார், கடைமுனை அடைத்திருக்கிறது. முனையில் நீரின் அழுத்தம் எவ்வளவு? முழு அழுத்தமும் இருக்கும். ஏனெனில் நீர் ஓடவில்லை. முனையைத் திறந்து பாருங்கள். நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். தடை இருக்கிறது என்பது ஓட்டம் இருக்கும்போதுதான் தெரியும்.

மின்சாரத்திலும் அவ்வாறே. மின்னழுத்தவிழப்பு என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வருவது. இது பள்ளியில் படித்த ஓம் விதிதான். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை சாதாரணமாகப் பத்து மெகா ஓம். மோட்டாரைக் கழற்றிவிட்டு அளக்கும்போது அதன் வழியே ஓடுவது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவே. அவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் வழியிலுள்ள தடை எதையும் இழக்கச் செய்யாது. மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் தவறு.

சரியான கேள்வி

மோட்டாரை மீண்டும் இணைத்து, பொத்தானை அழுத்தியபடியே அளக்கச் சொன்னேன். பேட்டரியில் 12 வோல்ட். மோட்டாரில் வெறும் 3 வோல்ட்! மீதி 9 வோல்ட் எங்கே போயிற்று?

கணக்கைப் பார்ப்போம். அசையாது நிற்கும் மோட்டாரின் தடை 0.3 ஓம் என்று கொள்வோம். வழியிலுள்ள கெட்ட இணைப்பின் தடை 0.9 ஓம். மொத்தம் 1.2 ஓம். எனவே மின்னோட்டம் 10 ஆம்பியர். மோட்டாருக்குக் கிடைப்பது 3 வோல்ட். இணைப்பு விழுங்குவது 9 வோல்ட். அங்கே வெளிப்படும் வெப்பம் 90 வாட். இதனால்தான் கெட்ட இணைப்பு சுடுகிறது.

இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையில் வையுங்கள். மற்றொரு முனையை ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று படிப்படியாக நகர்த்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் பொத்தானை ஒரு கணம் அழுத்தி அளவைக் குறியுங்கள். வழி நன்றாக இருந்தால் முழுத் தூரத்திற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டாது. எந்த இடத்தில் அளவு திடீரென்று தாவுகிறதோ, அங்கே கள்ளன் இருக்கிறான். எதிர்முனைப் பக்கமும் இவ்வாறே பார்க்க வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்.

‘டிக்’ ஓசையே வராவிட்டால், பொத்தானையும் அதற்கான மெல்லிய ஒயரையும் ஃபியூஸையும் பாருங்கள். எஞ்சின் ஏறுகிறது, ஆனால் இறங்கவில்லை என்றால், இரண்டு ரிலேக்களும் ஒரே வகையாக இருப்பின் இடம் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். கோளாறும் இடம் மாறினால் குற்றவாளி ரிலேதான்.

களிம்பின் வேலை

மாணவரின் மாமா படகில் கள்ளன் அகப்பட்ட இடம், பேட்டரிக்கும் ரிலேக்கும் இடையே யாரோ முறுக்கி நாடா சுற்றியிருந்த ஓர் ஒட்டு. பிரித்தபோது உள்ளே பச்சையும் கறுப்புமாகக் களிம்பு. செம்புக் குடத்தில் நீங்கள் பார்த்திருக்கும் அதே களிம்புதான்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. ஒயரின் மெல்லிய செம்பு இழைகளுக்கிடையே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உப்புநீர் ஏறுகிறது. உலோகம் அரிக்கப்பட்டு, மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாத சேர்மங்களாக மாறுகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து ஆராய்வதும் இத்தகைய அரிப்பைப் பற்றித்தான்.

மருந்து என்ன? பளிச்சென்ற செம்பு தெரியும்வரை ஒயரை வெட்டுங்கள். கூடியவரை வெள்ளீயம் பூசிய ஒயரைப் பயன்படுத்துங்கள். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதும் களிம்பைத் தடுக்கத்தானே! இணைப்பை நன்றாக நெரித்துப் பொருத்தி, நீர் புகாத குழலால் மூடுங்கள்.

சில எச்சரிக்கைகள்: ஒயரைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையை முதலில் விடுவியுங்கள். பெட்ரோல் ஆவி இருக்குமிடத்தில் பொறி பறக்க விடாதீர்கள். தூக்கிய எஞ்சினைத் தாங்குகட்டையால் நிறுத்தாமல் அதன் கீழே கை வைக்காதீர்கள். ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றுவது படகுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

புதிய ஒயரும் இணைப்பும் சில நூறு ரூபாயில் முடிந்தன. அன்று மாலையே எஞ்சின் உயர்ந்தது; வளையல் அத்தையின் கையிலேயே இருந்தது. உங்கள் வீட்டு ஸ்கூட்டரில் ஹாரன் ஒலித்தும் ‘செல்ப்’ எடுக்கவில்லையா? புது பேட்டரி வாங்குமுன், மின்னோட்டம் ஓடும்போது ஒருமுறை அளந்து பாருங்கள்.