அரிப்புதானே என்று இருந்துவிட்டேன்!



என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, ஏழு வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விடிவதற்குள் வானூரில் பஸ் பிடித்துப் புதுச்சேரி போவோம். நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்துவிட்டுத் துவண்டு போய்த் திரும்புவார்.

போன வருடம் உடம்பெல்லாம் அவருக்கு ஒரே அரிப்பு. ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. சீப்பால் முதுகைச் சொறிந்து சொறிந்து ரத்தமே வந்துவிடும். "சூட்டு உடம்பும்மா, வேப்பிலை அரைச்சுப் பூசு" என்றார் மாமியார். பூசினேன். அடங்கவில்லை.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், "பாஸ்பரஸ் இப்படி ஏறிக் கிடக்கே! அதுக்குக் குடுத்த மாத்திரையை எப்பம்மா குடுக்கறீங்க?" என்றார்.

"மறந்துடக் கூடாதுன்னு காலையில வெறும் வயித்துல எல்லாத்தையும் ஒண்ணாக் குடுத்துடுவேன் சார்" என்றேன் பெருமையாக.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் அவ்வளவையும் எடுக்காது. அது ரத்தத்தில் தேங்கினால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்து எலும்பிலுள்ள கால்சியத்தை உருவும். இரண்டும் சேர்ந்து ரத்தக் குழாயிலும் தோலிலும் சுண்ணாம்பாகப் படியும். அரிப்புக்கு இதுவும் ஒரு காரணமாம். அந்த மாத்திரை, சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால்தான் பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு தள்ளும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வீண்!

இன்னொரு தப்பும் என்னுடையதே. 'பாவம், வாய்க்கு ருசியாக எதுவும் இல்லையே' என்று முந்திரியும் வேர்க்கடலையும் வறுத்துக் கொடுப்பேன். கருவாட்டுக் குழம்பும் வைப்பேன். எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் அதிகம். இப்போது நிறுத்திவிட்டேன். அதற்காக முட்டை, மீனை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புரதம் அவசியம். டாக்டரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள்.

தொடை, வயிறு போன்ற இடங்களில் தோல் ஊதா நிறமாகி, தொட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால், ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். 'கால்சிபிலாக்சிஸ்' என்று பெயர் சொன்னார் டாக்டர். தோலின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபட்டு, ஆறாத புண்ணாகி, உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம். அபூர்வமாகத்தான் வரும். ஆனால் கைவைத்தியத்துக்குக் கட்டுப்படாது.

இப்போது தட்டில் சோறு போடும்போதே மாத்திரையையும் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். நகத்தை ஒட்ட வெட்டி, குளித்ததும் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். அரிப்பு முழுசாகப் போகவில்லை. ஆனால் அவர் தூங்குகிறார். பக்கத்தில் நானும் தூங்குகிறேன்.

எந்த மாத்திரை, எப்போது, எதோடு? வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள் தோழிகளே!

- ஒரு வாசகி, வானூர்.