காட்டியும் துரைமாரும்

நீலகிரியிலும் ஆனைமலையிலும் திரியும் காட்டியை வெள்ளைத் துரைமார் ‘பைசன்’ என்றனர்; நாம் காட்டெருமை என்கிறோம். அது பைசனுமன்று, எருமையுமன்று, காட்டு மாட்டினம். ஆறடி உயரமும் ஆயிரம் கிலோ வரை எடையும் கொண்ட அக்காளை, மனிதவாடை கண்டால் பெரும்பாலும் விலகியே போகும். குண்டடிபட்டுப் புதருள் நிற்கும்போதுதான் அது யமன். அந்த யமனைத் தேடி முன்னே அடிச்சுவடு பார்த்து நடந்தவர் மலைவாசிகள். வீரப் பிரதாபமோ புஸ்தகமெழுதிய துரைக்கு! 1879-ல் நீலகிரிக்கென்று வேட்டைச் சட்டம் செய்து, பருவமும் லைசென்ஸும் விதித்தனர். விலங்கைக் காத்ததெல்லாம் தங்கள் துப்பாக்கிக்காகவே. 1972-ஆம் வருஷத்துச் சட்டந்தான் அவ்விளையாட்டை ஒழித்தது. மிகவும் நல்லதே. ஆனால் இன்று குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களுக்குள் காட்டி வந்து மேய்கிறது. காலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் ஸ்திரீ அதனை நேருக்கு நேர் சந்திக்கிறாள். அவளிடம் இருப்பது கூடைதான்.