விமானம் கிடைத்தது, விடை கிடைக்கவில்லை

புது தில்லி: சென்னையை அடுத்த தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து 2016 ஜூலை 22-ஆம் தேதி காலை 8.30 மணிக்கு, அந்தமானின் போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீவிஜயபுரம்) நோக்கிப் புறப்பட்டது ஏ.என்.-32 ரகப் போக்குவரத்து விமானம். 'கே-2743' என்ற எண் கொண்ட அந்த விமானத்தில் 29 பேர் இருந்தனர். சுமார் முக்கால் மணி நேரம் கழித்து, 23 ஆயிரம் அடி உயரத்தில் இடப்புறமாகத் திரும்பிய விமானம் வேகமாகக் கீழிறங்கி ரேடார் திரையிலிருந்து மறைந்தது.

மறைந்தவர்கள் அனைவரும் போர் வீரர்கள் அல்லர். விசாகப்பட்டினம் கடற்படைத் தளவாடக் கிடங்கில் பணியாற்றிய சிவிலியன் ஊழியர்கள் 8 பேரும் அவர்களில் அடங்குவர்.

மாநிலங்களவையில் இதுகுறித்து விளக்கமளித்த அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர், சதிவேலைக்கான வாய்ப்பு மிகவும் குறைவு என்றார். ஆபத்து நேரும்போது விடுக்கப்படும் எந்த சமிக்ஞையும் விமானத்திலிருந்து வரவில்லை என்பதே கவலையளிப்பதாகவும் கூறினார். அமெரிக்க செயற்கைக்கோள்களில் ஏதேனும் பதிவாகியுள்ளதா என்று அந்நாட்டிடம் கேட்கப்பட்டிருப்பதையும் அவர் தெரிவித்தார். கடற்படை, கடலோரக் காவல் படை, விமானப் படை ஆகியவற்றின் தேடுதல் பலனளிக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில், 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பத்தினருக்குத் தெரிவிக்கப்பட்டது.

ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு...

2024 ஜனவரி 12-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கலம், 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகளைப் படம் பிடித்துள்ளது, அவை ஏ.என்.-32 விமானத்துடன் பொருந்துகின்றன. அப்பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகத் தகவல் இல்லை என்பதே அதன் சாரம்.

சென்னைக் கடற்கரையிலிருந்து 140 கடல் மைல், அதாவது சுமார் 310 கிலோ மீட்டர் தொலைவில் சிதைவுகள் கிடப்பதாக அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. ஆனால், 140 கடல் மைல் என்பது ஏறத்தாழ 259 கிலோ மீட்டர்தான். விமானம் ஏன் விழுந்தது என்பது பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

விசாரணை உண்டு, அறிக்கை இல்லை

ராணுவ விமானம் விபத்துக்குள்ளானால், அந்தந்தப் படையே விசாரணை மன்றம் அமைத்து ஆராய்கிறது. அதன் முழு அறிக்கையை மக்கள் முன் வைக்கும் வழக்கம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவல்களுக்கு விலக்கு அளிக்கிறது. 20 ஆண்டுகள் கடந்த நிகழ்வுகளுக்குப் பல விலக்குகள் காலாவதியானாலும், பாதுகாப்பு என்ற விலக்கு தொடர்கிறது.

பயணிகள் விமானங்களின் நிலை வேறு. ஆமதாபாதில் 2025 ஜூன் 12-ஆம் தேதி ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்தனர். சர்வதேச விதிமுறைக்கேற்ப, சரியாக 30 நாள்களில் முதல்கட்ட அறிக்கை வெளிவந்தது. ராணுவ விமானங்களை அந்த விதிமுறைகள் கட்டுப்படுத்துவதில்லை.

முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்பட 14 பேரை பலிகொண்ட ஹெலிகாப்டர் விபத்திலும் இதே நிலைதான். பாலக்காடு எல்லையை ஒட்டிய கோவை மாவட்டத்தின் சூலூரிலிருந்து 2021 டிசம்பர் 8-ஆம் தேதி புறப்பட்ட அந்த ஹெலிகாப்டர், குன்னூர் அருகே விழுந்தது. எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என அடுத்த மாதம் விமானப் படை சுருக்கமாகத் தெரிவித்தது. 2024 டிசம்பரில் வெளியான நாடாளுமன்ற நிலைக் குழு அறிக்கையின் விபத்துப் பட்டியலில், 'விமானக் குழுவினரின் மனிதத் தவறு' என்பது மட்டுமே காரணமாக இடம்பெற்றது.

56 ஆண்டுக் காத்திருப்பு

1968 பிப்ரவரி 7-ஆம் தேதி சண்டீகரிலிருந்து லே சென்ற ஏ.என்.-12 விமானம் 102 பேருடன் காணாமல் போனது. 2003-இல்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பனிமலையில் அதன் சிதைவுகளை மலையேற்றக் குழுவினர் கண்டனர். 2024 செப்டம்பரில் மேலும் 4 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. அவர்களில் ஒருவர் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தைச் சேர்ந்த, 22 வயதில் மறைந்த ராணுவ வீரர். அவரது பெற்றோர் அந்த நாளைக் காண உயிருடன் இல்லை.

விசாரணையில் வீரர்கள் அச்சமின்றிச் சாட்சியளிக்க ரகசியம் தேவை என்றும், ரேடார் திறன் எதிரிக்குத் தெரியக்கூடாது என்றும் படைத் தரப்பில் கூறப்படுவதைப் புறந்தள்ள முடியாது. ஆனால், பிரிட்டன் இதற்கு வழி கண்டுள்ளது. ஆப்கானிஸ்தானில் 2006-இல் நிம்ரோட் விமானம் தீப்பிடித்து 14 பேர் இறந்தபோது, ராணுவ விசாரணை அறிக்கையை அந்நாடு மறு ஆண்டே வெளியிட்டது. சார்லஸ் ஹேடன்-கேவ் தலைமையிலான தனி ஆய்வு, அமைச்சகத்தையும் விமான நிறுவனங்களையும் 2009-இல் வெளிப்படையாகவே குறை கூறியது. அதன்பிறகே ராணுவ விமானப் பாதுகாப்புக்கெனத் தனி ஆணையம் அமைந்தது.

ஏ.என்.-32 விமானங்களில்தான் இன்றும் நமது வீரர்கள் எல்லைக்குச் செல்கின்றனர். இயந்திரக் கோளாறா, பராமரிப்புக் குறையா, வானிலையா என்பதை அறியும் உரிமை மறைந்தவர்களின் குடும்பங்களுக்கு உண்டு. அடுத்து அந்த விமானத்தில் ஏறுபவர்களின் குடும்பங்களுக்கும் உண்டு. ரகசியங்களை நீக்கிய ஒரு சுருக்க அறிக்கையை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அமைச்சர் மனம் வைத்தால் போதும். உறுப்பினர்கள் விடாமல் கேட்க வேண்டும்.