சுவருக்குக் காகிதச் சட்டை!

இங்கிலாந்தில் பல வீடுகளில் சுவருக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டுகிறார்கள். இது கைத்தொழில். ஆண்களும் பெண்களும் கல்லூரியில் சேர்ந்து பயிலுகிறார்கள்.

காகிதம் சுருளாக வரும். நீளம் சுமார் 10 மீட்டர். அகலம் 53 சென்டிமீட்டர்.

முதல் பாடம் என்ன தெரியுமா? பசை அல்ல, தூக்குக்குண்டு! கொத்தனார் கையில் இருக்கும் அதே குண்டுதான். பழைய வீட்டு மூலைகள் நேராக இருப்பதில்லை. ஆகவே குண்டைத் தொங்கவிட்டுக் கோடு போடுகிறார்கள். முதல் தாளை அந்தக் கோட்டில் ஒட்டுகிறார்கள். அது சாய்ந்தால், அடுத்த தாள்களும் சாய்ந்துவிடும்.

தாளை மேலும் கீழும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்ட வேண்டும். பசை தடவி, மடித்து, சில நிமிடம் ஊறவிட வேண்டும். ஈரத்தில் தாள் விரியும். ஊறாமல் ஒட்டினால் சுவரில் விரிந்து கொப்புளம் போடும்! ஒட்டியதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு பிரஷ்ஷால் தடவினால், உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். மிச்சத்தைக் கத்தியால் நறுக்கிவிடலாம்.

சுவிட்சு இருக்கும் இடத்தில்தான் ஆபத்து! தாளின் ஓரத்தைச் செருக, சுவிட்சு மூடியைத் தளர்த்த வேண்டும். கையிலோ ஈரப் பசை. மின்சாரம் பாய்ந்தால் உயிர் போய்விடும்!

எனவே முதலில் மெயினை அணைக்க வேண்டும். அணைத்தாயிற்று என்று நினைத்தால் போதாது. மின்சாரம் நின்றுவிட்டதா என்று கருவி வைத்துச் சோதித்த பிறகே மூடியில் கை வைக்க வேண்டும்.

கோணிய தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டலாம். போன உயிர் திரும்புமா?